நாணயம் சேகரிப்போரும் தன்முனைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

நாணயம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருளுண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயமே. பழங்காசுகளைத் தேடிச் சேர்த்தோரின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்குமிடத்து, முதலாவது பொருளில் நாணயத்தை மிகுதியாக உடையோர் சிலர் இரண்டாவது பொருளில் அதனை இழந்து நின்றமை தெரியவருகின்றது. பொருளாசை ஒன்றே இதற்குக் காரணமெனக் கூறிவிட முடியாது. தேய்ந்துபோன ஒரு செப்புக்காசினாற் செல்வந்தரான ஒரு சேகரிப்பாளருக்கு வரக்கூடிய ஊதியம் அற்பமானது. ஆயினும், அக்காசு போலியென்றோ, அதில் அவர் வாசித்த எழுத்துப் பிழையென்றோ, அதனிலும் நல்லதொன்று பிறரிடம் உண்டென்றோ எவரேனும் கூறிவிட்டால் அவருள்ளம் கொதித்தெழுகின்றது. நட்பு முறிகின்றது, கடிதப் போக்குவரத்து நின்றுபோகின்றது, காசு பெட்டியினுள் மறைகின்றது.

இவையெல்லாம் பொழுதுபோக்காளர் சிலரின் சில்லறைச் சச்சரவுகள் என ஒதுக்கிவிடுவாரும் உளர். வட இலங்கையின் வரலாற்றைப் பொறுத்தவரை அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. தென்னிலங்கை அரசுகளுக்குப் பாளி வம்ச நூல்கள் உள. நூற்றுக்கணக்கான கல்வெட்டுக்களும் உள. யாழ்ப்பாண அரசர் வெட்டுவித்த கல்வெட்டுக்களோ மிகச் சிலவே. யாழ்ப்பாண வைபவமாலை அவ்வரசு வீழ்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த நூல். எனவே இப்பிரதேசத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் காசுகள் துணைச் சான்றாக மட்டும் அமைவதில்லை. பல இடங்களில் அவையே தலையாய சான்றாகின்றன. அச்சான்றிற் பெரும்பகுதி தனியார் பெட்டிகளினூடாக வந்து சேர்ந்தது. பெட்டிக்கு உடையவரின் மனநிலை வரலாற்றையும் பாதிக்குமென்பது இதனாற் பெறப்படும்.

சேது நாணயங்களின் கதையை இதற்கு முதல் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருபுறத்தில் நிற்கும் மன்னனுருவம், மறுபுறத்திற் படுத்திருக்கும் நந்தி, நந்தியின் கீழே தமிழெழுத்திற் ‘சேது’ என்னும் ஒரு சொல் — இவ்வமைப்புடைய செப்புக்காசுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தன. சேது என்றதும் அவர்கட்கு இராமேசுவரமும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் நினைவுக்கு வந்தமை இயல்பே. ஆகவே அக்காசுகள் சேதுபதிகளுடையன எனக் கொள்ளப்பட்டன. சொல்லை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட முடிபு அது. நிற்கும் மன்னனுருவம் பொலன்னறுவை மன்னர் காசுகளிலுள்ள உருவத்தை ஒத்திருப்பதையும், இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் ஆட்சி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாயக்கர் ஆதரவுடன் நிலைபெற்றது என்பதையும் சேர்த்து நோக்கியிருந்தால் அம்முடிபு நெடுங்காலம் நின்றிராது.

1920ஆம் ஆண்டிலே சுவாமி ஞானப்பிரகாசர், இலங்கையில் வெளிவந்த தொல்லியல் இலக்கிய ஏடொன்றில், யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலக் கட்டுரையொன்றை வெளியிட்டார். இக்காசுகள் ஆரியச்சக்கரவர்த்திகளால் வெளியிடப்பட்டன என்பதே அவருடைய துணிபு. கேகாலை மாவட்டத்துக் கொட்டகம என்னுமிடத்திற் கிடைத்த, சிங்கைநகர் ஆரியரைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டின் தொடக்கத்திலும் ‘சேது’ என்னுஞ் சொல் வருகின்றது. யாழ்ப்பாண மன்னர் சேதுகாவலர் என்னும் விருதையும் பூண்டிருந்தனர். நந்தி அவர்களுடைய கொடியிற் பொறிக்கப்பட்ட சின்னம். இவை யாவற்றுக்கும் மேலாக, இவ்வகைக் காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணிலே பெருந்தொகையாகக் கிடைத்துவந்தன. நல்லூரை இருப்பிடமாகக் கொண்டு ஊரூராகத் திரிந்து மறைப்பணி செய்த ஒருவருக்கு இந்தக் கடைசி உண்மையை அறிவதற்கு நூலகம் தேவைப்படவில்லை. தோட்டங் கொத்துவோரும் கிணறு தோண்டுவோரும் அதனை ஏற்கெனவே அறிந்திருந்தனர். கல்கத்தாவிலும் இலண்டனிலும் இருந்து எழுதியோர் அவர்களைக் கேட்கவில்லை.

இதன்பின் நிகழ்ந்ததே கவனித்தற்குரியது. எச். டபிள்யூ. கொட்றிங்ரன் இலங்கைக் குடியியற் சேவையைச் சேர்ந்தவர், நாணயவியலிற் பேரறிஞர். 1924இல் அவருடைய ‘இலங்கையின் காசுகளும் நாணய வழக்கும்’ என்னும் பெருநூல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்தது. ஆட்சியாளர் இனத்தவரான அவர், உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் கூறிய கருத்தைப் புறக்கணித்துச் சென்றிருப்பினும் அன்றைய நிலையில் எவரும் வியந்திரார். ஆயினும் அவர் சேதுக் காசுகளை யாழ்ப்பாண மன்னர்க்குரியனவாகவே தம் நூலில் வகைப்படுத்தினார். மறக்கப்பட்ட ஓர் அரசின் காசுகள் நான்கே ஆண்டுகளில் தம் உரிமையாளரிடம் திரும்பிச் சேர்ந்தன. எழுதியவர் யார் என்று பாராமல் எழுதப்பட்டது யாது என்று பார்த்த ஒருவர் அங்கே இருந்தமையால் அது கைகூடிற்று.

எல்லாவிடத்தும் அவ்வாறு நிகழவில்லை. நாணயம் சேகரிப்போரின் மனப்புண் பற்றி ஆராயுமிடத்து ஓர் உண்மை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. பிழையாகிவிட்டோமே என்பது அவர்களை வருத்துவது குறைவு. யார் வந்து திருத்துகின்றார் என்பதே பெரிதும் வருத்துகின்றது. தமக்கு நிகரானவரோ மேலானவரோ திருத்தினால் அது புலமை உரையாடல். தாழ்ந்தவர் எனக் கருதப்படுவோர் திருத்தினால் அது அவமதிப்பு. இதனை ஒரே மனிதரின் வாழ்விலே இருமுறை காணக்கூடியதாயுள்ளது. அம்மனிதர் ஜேம்ஸ் பிறின்செப்.

பிறின்செப் கல்கத்தா நாணயசாலையிலே உலோகத்தின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரியாகக் கடமையாற்றியவர். வங்காள ஆசியக் கழகத்தின் செயலாளர். கிரேக்க எழுத்தும் இந்திய எழுத்தும் ஒருங்கே பொறிக்கப்பட்ட காசுகளைத் துணைக்கொண்டு வடமேற்கிந்தியாவின் பண்டைய எழுத்தை வாசிக்க வழிகோலியதும், 1837இல் அசோகன் கல்வெட்டுக்களின் பிராமி எழுத்தை முழுமையாக வாசித்து உலகுக்கு அறிவித்ததும் அவருடைய சாதனைகள். ஆனால் அக்கல்வெட்டுக்களிற் குறிப்பிடப்பட்ட ‘தேவானம்பிய பியதசி’ யார் என்பதில் அவர் இடறினார். இலங்கை மன்னனான தேவநம்பியதீசனே அவன் என முதலிற் கருதினார். இலங்கையிற் குடியியற் சேவையிலிருந்த ஜோர்ஜ் ரேணர், பாளி நூலான தீபவம்சத்தை ஆதாரமாகக் காட்டிப் பியதசி என்பவன் மௌரியப் பேரரசன் அசோகனே என எழுதினார். பிறின்செப் அத்திருத்தத்தைத் தம் சஞ்சிகையிலேயே வெளியிட்டு மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார். தம் வாழ்வின் தலைசிறந்த கண்டுபிடிப்பு வெளியான ஆண்டிலேயே அதில் ஒரு பெரும் பிழை உண்டெனப் பிறரொருவர் எடுத்துக்காட்டியபோதும் அவர் முகம் வாடவில்லை. வரலாற்றில் நாணயவியலாளர் ஒருவரின் பெருந்தன்மைக்கு இதனிலும் சிறந்த சான்று காண்பது அரிது.

அதே பிறின்செப், அதே காலப்பகுதியில், காவலி வெங்கட லக்ஷ்மய்யாவிடம் வேறு விதமாக நடந்துகொண்டார். இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இந்தியாவின் முதலாவது தலைமை நில அளவையாளராயிருந்த கொலின் மெக்கன்சி 1821இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சேகரிப்பு, ஓலைச்சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் ஆயிரக்கணக்கான காசுகளும் அடங்கிய பெருங்குவியலாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனி அதனை அவருடைய மனைவியாரிடமிருந்து பெருந்தொகை கொடுத்து வாங்கிற்று. எச். எச். வில்சன் 1828இல் அதற்கு விவரப்பட்டியல் வெளியிட்டார். ‘மெக்கன்சி சேகரிப்பு’ என்றே அது இன்றும் வழங்கும். ஆனால் மெக்கன்சி தென்னிந்திய மொழிகளைக் கற்றவரல்லர். ஊர்தோறும் சென்று, ஐயுற்று நோக்கிய மக்களை வசப்படுத்தி, சுவடியையும் காசையும் பெற்று, எது எங்கே யாரிடம் கிடைத்தது எனக் குறித்து அனுப்பியோர் காவலி சகோதரர்களும் அவர்களைச் சார்ந்த உதவியாளருமாவர். மெக்கன்சியின் மறைவுக்குப்பின் அப்பணியைத் தொடர்ந்து நடத்தத் தமக்கு அனுமதியும் உதவியும் வேண்டும் என லக்ஷ்மய்யா கேட்டார். கோரிக்கை ஆசியக் கழகத்தின் கருத்துக்கு விடப்பட்டது. அத்தகைய பெரும்பணியை வழிநடத்தும் தகைமை லக்ஷ்மய்யாவுக்கு இல்லையென்பதே பிறின்செப் அளித்த கருத்தின் சாரம். பொதுமைப்படுத்தி நோக்கும் ஆற்றல் படைத்த ஒரு தலைமை மூளை அதற்கு வேண்டுமாம். சேகரித்த கைகள் இருபதாண்டுக்கு மேலாக எதனைக் கொண்டு சேகரித்தன என்று அவர் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் பிறின்செப்பின் பெருந்தன்மைக்கு ஓர் எல்லை இருந்தது புலனாகும். அவ்வெல்லை அவர் ஒருவர்க்கே உரியதுமன்று. ஆப்கானிஸ்தானத்துப் பெக்ராம் சமவெளியிலே 1830களில் பல்லாயிரக்கணக்கான காசுகளைத் திரட்டிய சார்ள்ஸ் மாசன் என்பவர், கம்பனிப் படையிலிருந்து தப்பியோடி வேறு பெயர் பூண்டு வாழ்ந்தவர். எந்த இடத்தில் எவ்வகைக் காசு எத்தனை கிடைத்தது என ஆண்டுவாரியாகக் குறித்துவைத்த அவருடைய முறை, அக்காலத்துப் பட்டம் பெற்ற அறிஞர் பலரிடம் காணப்படாதது. அவருடைய தேட்டங்களை அடிப்படையாகக் கொண்டு 1841இல் வெளிவந்த ‘அரியானா அன்ரிக்குவா’ என்னும் நூலின் முகப்பில் ஆசிரியராக விளங்குபவர் வில்சனே. தோண்டியவரின் பெயர் உள்ளே. எழுதியவரின் பெயர் வெளியே.

ஐரோப்பாவில் இத்தகைய நிலை தொடக்கத்தில் இருந்ததில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞரான பெத்திரார்க்கா, உரோமாபுரியில் திராட்சைத் தோட்டங்களைக் கிளறும் உழவர் தாம் கண்டெடுத்த பழங்காசுகளை ஏந்திக்கொண்டு தம்மிடம் வருவதுண்டெனத் தம் கடிதத்திற் குறித்திருக்கின்றார். சிலர் விற்க வந்தனர். சிலர் அதிலுள்ள முகம் யாருடையதெனக் கேட்டறிய வந்தனர். 1354இல் அவர் நான்காம் சார்ள்ஸ் மன்னரைச் சந்தித்தபோது தம்மிடமிருந்த உரோமக் காசுகள் சிலவற்றைப் பரிசாகக் கொடுத்தார். முன்னோரின் முகத்தைப் பார்த்து அவரைப்போல் ஆளக் கற்றுக்கொள்ளும்படி மன்னருக்கு அறிவுரையும் கூறினார். உழவரிடம் பெற்றதை மன்னனிடம் கொடுத்துவிட்ட அவர் கையில் எஞ்சியது அறிவே. பின்வந்த நூற்றாண்டுகளிற் காசுப்பெட்டி பிரபுக்களின் மாளிகையிலே செல்வச் செருக்கின் சின்னமாக மாறிற்று. யாரிடம் இல்லாதது தம்மிடம் உண்டு என்னும் போட்டி முளைத்தது. போட்டி முளைத்தவிடத்துப் போலியும் முளைத்தது.

அப்போலியாளருள் தலைசிறந்தவர் ஜேர்மனியரான கார்ல் வில்கெல்ம் பெக்கர். 1772இற் பிறந்து 1830இல் இறந்த இவர் பண்டைய கிரேக்க, உரோமக் காசுகளின் அச்சுக்களைத் தம் கையாலேயே வெட்டினார். புதிதாய் அடித்த காசுகளை இரும்புத் துகள் நிரம்பிய பெட்டியிலிட்டுத் தமது வண்டியின் அச்சில் மாட்டிக் கரடுமுரடான வீதிகளில் ஓட்டிச் சென்று பழமையேற்றினார் என்பர். தம் பழங்கிழவர்களைச் சவாரிக்கு அழைத்துச் செல்வதாக அவர் வேடிக்கையாகக் கூறுவாராம். 1826இல் இத்தாலிய அறிஞர் செஸ்தினி இப்போலிகளைப் பட்டியலிட்டு வெளிப்படுத்தினார். இத்தகைய பட்டியலைக் கையிலெடுக்கும் சேகரிப்பாளரின் இக்கட்டு எளிதில் ஊகிக்கத்தக்கது. தம்மிடமுள்ளது போலியென ஒப்புக்கொள்வது பணநட்டத்தை மட்டும் ஒப்புக்கொள்வதாகாது. இத்தனை ஆண்டும் தம் கண்ணே தம்மை ஏமாற்றியது என்பதையும் ஒப்புக்கொள்வதாகும். பெக்கர் விற்றது வெள்ளியை மட்டுமா? வாங்கியோரின் தன்னம்பிக்கையையும் அவர் அச்சடித்தே விற்றார்.

அமெரிக்காவில் இம்மனநோய் வேறொரு வடிவம் பெற்றது. அங்கே பிணக்கு, காசு மெய்யா பொய்யா என்பதினும், எவ்வளவு தேயாமல் இருக்கின்றது என்பதைப் பற்றியே மிகுதியும் எழுந்தது. ஒரே ஆண்டில் ஒரே சாலையில் அடிக்கப்பட்ட இரு காசுகளுள் ஒன்று மற்றையதிலும் பன்மடங்கு விலைபோவது தேய்மானத்தின் அளவைப் பொறுத்தது. விற்பவன் கண்ணுக்குத் தேய்வு தெரியாது. வாங்குபவன் கண்ணுக்குத் தேய்வே தெரியும். இதனைத் தீர்க்க வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் வெளியிட்ட தமது நூலில் ஒன்றிலிருந்து எழுபது வரையான அளவுகோல் ஒன்றை வகுத்தார். அவ்வளவுகோலே விரிவாக்கப்பட்டு இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது.

இந்த ஷெல்டன் தொழிலால் உளவியலாளர். மனிதரின் உடலமைப்புக்கும் மனப்பாங்குக்கும் தொடர்பு கற்பித்து, ஒவ்வொருவர் குணத்தையும் எண்களாற் குறித்துவிடலாம் என்று கூறிப் புகழ்பெற்றவர். மனிதக் குணத்தை அளந்த அவர் 1977இல் இறந்தார். அதன் பின்னரே, நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியற் கழகத்தின் சேகரிப்பை ஆராயச் சென்று, அங்கிருந்த சிறந்த செம்புச் சதங்களை எடுத்துக்கொண்டு தம்முடைய தரங்குறைந்தவற்றை அவற்றினிடத்தில் வைத்துவந்தார் என்பது வெளிப்பட்டது. அவ்வாறு மாற்றப்பட்டவை நூறுக்கு மேற்பட்டவை. விலையுயர்ந்த காசென்பதற்காகவே திருடினார் என்று கூறுதல் முழு விளக்கமாகாது. துறையின் முதல்வர் எனப் பெயரெடுத்தவருடைய பெட்டியிலே முதற்றரமானவை இல்லாமற் போவதை அவருள்ளம் பொறுக்கவில்லை போலும். அளவுகோலை வகுத்தவர் அதில் தாழ்ந்து நிற்க விரும்பவில்லை. 1980களின் நடுப்பகுதியில், விற்பவருமல்லாத வாங்குபவருமல்லாத மூன்றாந் தரப்பினர் காசின் தரத்தை மதிப்பிட்டு, அதனை நெகிழிக் கூட்டினுள் அடைத்து முத்திரையிடும் நிறுவனங்கள் அமெரிக்காவிற் பெருகின. தன் காசைத் தானே நீதியாக மதிப்பிட வல்லவர் எவருமிலர் என்னும் முடிபின்மேல் எழுந்த வாணிபம் அது.

மீண்டும் தமிழகத்துக்கு வருவோம். சங்ககாலத் தமிழ் வேந்தர் தம் பெயர் பொறித்த காசு வெளியிட்டனரா என்னும் ஐயம் நெடுங்காலம் ஆய்வாளரிடை நிலவியது. 1980களிற் பாண்டியன் பெருவழுதியின் பெயர் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்ட காசை அறிஞருலகுக்கு அறிவித்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். நாளிதழ் ஒன்றின் ஆசிரியராகிய இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்து உலோகம் பொறுக்கி வயிறு வளர்த்தோர் கையில் அகப்பட்டவற்றுள் மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை என்னும் பெயர்கள் தாங்கிய சேரர் காசுகளும் இருந்தன. வணிகர் வாயிலாக அவை சேகரிப்பாளரிடம் சென்றன, சேகரிப்பாளரினூடாகக் கட்டுரைகளாயின. தொல்லியல் அகழ்வின் மண்ணடுக்கு வழியாக வராத காசை எவ்வாறு நம்புவது என்று ஐயுற்ற அறிஞரின் வினா நியாயமானதே. ஆனால் அவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தே தம் நேர்மையைச் சந்தேகித்ததாகச் சேகரிப்பாளர் கொள்வதும், சேகரிப்பாளர் எழுதினார் என்பதற்காகவே அறிஞர் அதனைப் படியாது விடுவதும் இத்துறையின் பழைய நோய்கள். மணலரித்தவன் இவ்விரு சாராரின் பேச்சிலும் இடம்பெறவில்லை. ஆற்றின் எந்த வளைவில், எத்துணை ஆழத்தில், வேறெந்தக் காசுகளோடு அது கிடந்தது என்பதைச் சொல்லக்கூடியவன் அவனொருவனே.

இலங்கையில் இதே நிலை இன்னுமொரு சுமையையும் ஏற்றுக்கொண்டது. அம்பாந்தோட்டை மாவட்டத்துத் திசமகாராமையை அடுத்த அக்குறுகொட என்னுமிடத்தில் ஊரவர் கிளறியெடுத்த பழங்காசுகள் பல, சேகரிப்பாளர் கைகளை அடைந்தன. அவற்றைப் பேராசிரியர் ஒஸ்மண்ட் போபேயாரச்சியும் சேகரிப்பாளரான ராஜா விக்கிரமசிங்கவும் இணைந்து 1999இல் நூலாக வெளியிட்டனர். அறிஞரும் சேகரிப்பாளரும் ஒரே அட்டையில் ஒப்பமிட்ட அம்முயற்சி பாராட்டுக்குரியது. நூலில் வெளியான படங்களைக் கொண்டே, பிராமி எழுத்துப் பொறித்த காசுகள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் உள்ளன எனப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணமும் ஐராவதம் மகாதேவனும் எடுத்துக்காட்டினர். பெயரின் ஈற்றில் நிற்பது தமிழ் னகரமெய்யா என்னும் எழுத்திலக்கண வினா, கேட்போர் சிலரின் செவியில் நாடு யாருடையது என்னும் வினாவாக ஒலிக்கலாயிற்று. தனிமனிதனின் தன்முனைப்பு இனத்தின் தன்முனைப்போடு கலந்துவிடும்போது ஒரு சிறு ஈயக்காசு தாங்கக்கூடிய பாரத்திலும் மிகுதியான பாரம் அதன்மேல் ஏற்றப்படுகின்றது. இவ்விடத்தில் நம்மவரும் பாரபட்சமற்றோர் எனக் கூறிவிட முடியாது. சேதுக் காசின் உரிமையைப் பற்றி உரத்துப் பேசுவோருள் எத்தனைபேர் தம் கையிலுள்ள சேதுக் காசு எந்த ஊரில் எடுக்கப்பட்டதெனக் கூற வல்லவர்?

இவ்வினாவே வன்னிப் பெருநிலப்பரப்புக்கு நம்மை இட்டுச் செல்கின்றது. சேதுக் காசுகளில் மன்னர் பெயர் இல்லை. பொலன்னறுவை மன்னரின் காசுகளில் நாகரி எழுத்திற் பெயர் உண்டு. எனவே அவற்றை வரிசைப்படுத்துதல் எளிது. சேதுக் காசுகளை வரிசைப்படுத்தவும், அவற்றை வெளியிட்ட அரசின் வாணிபமும் ஆணையும் எதுவரை சென்றன என அறியவும், உருவ அமைப்பு, நிறை, கிடைத்த இடம் என்னும் மூன்றையே நம்ப வேண்டியுள்ளது. உருவத்தையும் நிறையையும் காசு தன்னுடனேயே கொண்டுவரும். கிடைத்த இடத்தை மனிதனே சொல்ல வேண்டும். புஷ்பரட்ணம் 1993இல் வெளியிட்ட பூநகரித் தொல்பொருளாய்வு இவ்வகையில் ஒரு திருப்பமாகும். குடாநாட்டுக்கு வெளியே, ஏரியின் தென்கரையிலே, ஊர்ப்பெயர்களுடன் தேட்டங்கள் பதிவு பெற்றன. பூநகரிக்கு அப்பால் தென்கிழக்கே விரியும் நிலத்துக்கும் அத்தகைய பதிவு விரிவாகச் செய்யப்படவேண்டிய தேவை இருக்கின்றது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் எல்லையையொட்டி விசுவமடு அமைந்துள்ளது. 1960களிற் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தின்கீழ்க் காடு வெட்டி, குளத்து நீர் பாய்ச்சி, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு உருவாக்கப்பட்ட ஊர்களுள் அதுவும் ஒன்று. வன்னியிற் புதிய ஊர் என்று கூறப்படுவன பல பழைய குளங்களின் அருகே எழுந்தவை. ஆகையால் இத்தகைய நிலத்தில் மண்வெட்டிமுனையில் ஒரு செப்புக்காசு தட்டுப்படுமாயின் அது வியப்புக்குரியதன்று. தட்டுப்பட்ட காசு பின்னர் செல்லும் வழியை எண்ணிப்பார்க்கலாம். உழவரின் வீட்டு மாடத்திலே சிலநாள் கிடக்கும். பிள்ளைகள் உருட்டி விளையாடுவர். பழைய இரும்பு வாங்க வருபவனோ உறவினர் ஒருவரோ அதனைப் பட்டணத்துக்குக் கொண்டு செல்வர். அங்கே ஒருவருடைய பெட்டியில் அது இடம்பிடிக்கும். எங்கே எடுத்தது என வினவுவோருக்கு அவர் யாழ்ப்பாணம் என்பார். அல்லது முறுவலித்து வாளாவிருப்பார். சொல்லிவிட்டால் நாளை இன்னொரு சேகரிப்பாளர் அவ்வூருக்கே சென்றுவிடுவார் என்னும் அச்சம் அம்முறுவலின் பின்னே மறைந்து நிற்கும்.

அம்மௌனம் முழுவதையும் அகந்தையின் கணக்கில் எழுதிவிடுவது நீதியாகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் மண்ணுள் மறைந்து கிடக்கும் தொல்பொருள்களை அரசின் உடைமையாக்கிற்று. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் எங்கே எடுத்தீர் என்னும் ஆய்வாளரின் வினா உழவரின் செவியிற் பொலிசாரின் வினாவாகவே விழுகின்றது. சேகரிப்பாளருக்கும் அது அவ்வாறே. போர்க்காலத்திலோ, மண்ணைத் தோண்டியவனெல்லாம் எதற்காகத் தோண்டினாய் என்னும் கேள்விக்கு இலக்காகக்கூடிய நிலை இருந்தது. அந்நிலையில் வாழ்ந்த மக்களின் வாய் திறக்காமைக்கு உளவியல் விளக்கம் தேடுவதினும் அரசியல் விளக்கம் தேடுவதே பொருத்தமாகும். ஆனால் அச்சத்தால் வாளாவிருந்த உழவரையும், பெருமைக்காக வாளாவிருந்த சேகரிப்பாளரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. முன்னவரிடம் அன்பாகக் கேட்டிருந்தாற் சொல்லியிருக்கக்கூடும். கேட்க வேண்டியவரோ, தாம் அறியாத ஒன்றை ஓர் உழவர் அறிந்திருக்கின்றார் என ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் தாழ்ந்துவர விரும்பவில்லை.

2009 சனவரி இறுதியில் விசுவமடு இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே அங்கிருந்தோரும், மேற்கேயிருந்து வந்து அங்கு தங்கியிருந்தோரும் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு கிழக்கே புதுக்குடியிருப்பை நோக்கியும், பின்னர் கடற்கரையை நோக்கியும் நகர்ந்தனர். அந்த ஓட்டத்தில் பழங்காசு கிடந்த ஒரு தகரப்பேணியைப் பற்றி எண்ணியிருக்க எவருக்கும் இடமிருந்திராது. காசு தொலைந்ததிலும், இது நம் வளவில் இன்ன வரம்பில் எடுத்தது எனச் சொல்லக்கூடிய முதியோரும் தொலைந்தமையே வரலாற்றுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. பட்டணத்துப் பெட்டிகளில் முன்னரே போய்ச் சேர்ந்த காசுகள் இன்றும் இருக்கக்கூடும். ஊர்ப்பெயர் இல்லாமல் இருக்கக்கூடும்.

போர் முடிந்தபின் மக்கள் மீளக் குடியமர்வதற்கு முன்னர் கண்ணிவெடி அகற்றுவோர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வயல்களிலும் வளவுகளிலும் உலோகங் காணும் கருவியுடன் கயிறு கட்டி, அடியடியாக நகர்ந்தனர். அக்கருவி வெடிக்கும், ஆணிக்கும், பேணி மூடிக்கும், செப்புக்காசுக்கும் ஓசை எழுப்பும். ஓசை எழுந்த இடத்தை மெல்லக் கிளறிப் பார்த்த பின்னரே அடுத்த அடி வைக்கப்படும். வெடி எடுக்கப்பட்ட இடம் நிலப்படத்திற் குறிக்கப்பட்டது.